காப்பதும் உடல், அரிப்பதும் உடல்

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால்’ காசநோய் ஓடிவிடுமா? நுரையீரலுக்குள் நடப்பது வேறு.

உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடலுக்குள் காசநோய்க் கிருமி ஏதோ ஒரு காலத்தில் நுழைந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அப்படிக் கிருமி நுழைந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர் மட்டுமே வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். மற்றவர்கள் தங்களுக்குள் இப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். நோயில் விழும் அந்தச் சிறு பங்கே எவ்வளவு பெரிய கூட்டம் என்பதை 2023ஆம் ஆண்டின் கணக்கு காட்டுகிறது: உலகில் 1.08 கோடிப் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் 26 சதவீதம் பேர் இந்தியர்கள். ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்த இருவரில் ஒருவர் படுப்பதும் இன்னொருவர் தப்புவதும் ஏன்? யாரைக் கேட்டாலும் ‘எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்குத்தான் வரும்’ என்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பதில் பெரிய வியாபாரமாகவும் வளர்ந்துவிட்டது. சத்துமாவு டப்பாவில் தொடங்கி கஷாயப் பொட்டலம் வரை ‘இம்யூனிட்டி’ என்று அச்சிடாத பொருள் அரிது.

அந்தப் பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் காசநோயைப் புரிந்துகொள்ள முடியாது. நம் தடுப்பாற்றல் தளர்ந்தால் கிருமி பெருகுகிறது. அதே ஆற்றல் கட்டுமீறினால் நம் நுரையீரலே கரைகிறது. அந்தக் கரைந்த நுரையீரலின் வழியாகத்தான் கிருமி அடுத்தவரின் மூச்சுக்குள் போய்ச் சேருகிறது. ஆகவே இந்த நோயில் எதிர்ப்பு ‘எவ்வளவு’ இருக்கிறது என்று மட்டும் கேட்பது போதாது. அது எப்போது வந்தது, எங்கே வேலை செய்கிறது, எங்கே நிற்கிறது என்பவையே உயிரைத் தீர்மானிக்கின்றன. கடந்த நூற்று முப்பது ஆண்டுகளின் மருத்துவச் சான்றுகள் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கின்றன. இதை ஒப்புக்கொண்டால், காசநோயை ஒழிக்க நம் வீடும் அரசும் எதில் காசைப் போட வேண்டும் என்ற கணக்கும் மாறும்.

தாமதமாக வரும் உதவி

நோயாளி ஒருவர் இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுகின்றன. சற்றுச் சிறியவை நம் மூக்கிலும் தொண்டையிலும் சிக்குகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்று முதல் ஐந்து கூறு அளவே உள்ள நுண்துளிகள் மட்டும் நுரையீரலின் கடைசி எல்லையான காற்று நுண்ணறைகளுக்குள் போகின்றன. அங்கே ரோந்து சுற்றும் விழுங்கணுக்கள், வந்த கிருமியை வழக்கம்போல் விழுங்குகின்றன. விழுங்கிய கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடும். அமிலமும் செரிப்பு நொதிகளும் நிறைந்த இன்னொரு பை அதனுடன் வந்து கலக்கும். பெரும்பாலான கிருமிகள் அத்துடன் செரித்துப் போகும். காசநோய்க் கிருமியோ தன் மெழுகு உறையாலும், தான் சுரக்கும் புரதங்களாலும் இரண்டு பைகளும் கலப்பதையே தடுக்கிறது. தன்னைக் கொல்ல வேண்டிய அணுவுக்குள்ளேயே குடியேறி, ஏறக்குறைய 20 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. குடலில் வாழும் ஈகோலை கிருமி 20 நிமிடத்தில் இரட்டிப்பதோடு ஒப்பிட்டால் இது மிக மந்தமான வேகம். ஆனால் அந்த மந்தமே அதற்குப் பாதுகாப்பு. பெரிய ஆரவாரம் எதுவும் எழாமல் அது இடம் பிடித்துக்கொள்கிறது.

உடலின் அடுத்த கட்டப் பாதுகாப்பு டி அணுக்கள். அவை தாமாகப் புறப்படுவதில்லை. நுரையீரலில் இருக்கும் தூது அணுக்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய்க் காட்ட வேண்டும். அங்கே பொருத்தமான டி அணுக்கள் விழித்து, பெருகி, நுரையீரலுக்குத் திரும்ப வேண்டும். மற்றப் பல தொற்றுகளில் சில நாட்களில் முடியும் இந்த வேலை, காசநோயில் வாரக்கணக்கில் இழுக்கிறது. ஆய்வகச் சுண்டெலிகளில் டி அணுக்கள் நுரையீரலை எட்ட இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. மனிதரில் கிருமி நுழைந்து 2 முதல் 8 வாரங்கள் கழித்தே தோல் பரிசோதனையில் தொற்று தெரிகிறது. உதவி வந்து சேரும்போது கிருமி நன்றாக வேரூன்றிவிட்டிருக்கும். ஆகவே இந்த நோயில் நம் உடலின் முதல் குறை பலவீனம் அன்று, தாமதம்.

தாமதமாக வந்தாலும் டி அணுக்கள் இல்லாமல் காரியம் நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம், கிருமியைச் சுமந்தபடி முடங்கிய விழுங்கணுக்களை உசுப்பி, உள்ளே இருக்கும் கிருமியைத் தாக்க வைக்கிறது. அந்தப் புரதத்தை ஏற்கும் வாங்கி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, எல்லோருக்கும் போடும் பிசிஜி தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த கிருமிகூட உயிராபத்தை உண்டாக்குகிறது. டி அணுக்களை அழிக்கும் ஹெச்ஐவி தொற்று, காசநோய் வரும் வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துகிறது. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தை முடக்குகிறது. அந்த மருந்தைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளம்பிய செய்தி 2001இல் மருத்துவ இதழில் வந்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தால் காசநோய் வரும் என்ற பொதுநம்பிக்கைக்கு இவை வலுவான ஆதாரங்கள். அந்தப் பாதி உண்மையை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

குழி விழும் இடம்

டி அணுக்களும் விழுங்கணுக்களும் கிருமியைச் சூழ்ந்து திரளும்போது கிரானுலோமா என்ற சிறு முடிச்சு உருவாகிறது. நுண்ணோக்கியில் அதை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். நடுவில் கிருமியை விழுங்கிய அணுக்கள். அவற்றில் சில ஒன்றோடொன்று இணைந்து, ஓரமாகக் குதிரை லாடம் போல் உட்கருக்கள் வரிசை கட்டிய பேரணுக்களாக மாறியிருக்கும். வேறு சில, கொழுப்புத் துளிகள் நிரம்பி நுரைத்த தோற்றத்தில் இருக்கும். அவற்றைச் சுற்றி டி அணுக்களின் வளையம், அதற்கும் வெளியே நார்த்திசுக்களின் உறை. பலருக்கு இந்த முடிச்சு இறுகி, சுண்ணாம்பு படிந்து, பிற்காலத்தில் எக்ஸ்ரேயில் ஒரு வெண்புள்ளியாக மட்டும் மிஞ்சும். சிலருக்கோ முடிச்சின் மையத்தில் உள்ள அணுக்கள் செத்து, பாலாடைக்கட்டி போன்ற வெளிர்மஞ்சள் பொருளாகக் குழைகின்றன. அது இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைந்து கொட்டும்போது, இருந்த இடத்தில் ஒரு குழி விழுகிறது. மருத்துவர்கள் ‘கேவிட்டி’ என்று சொல்வது இதைத்தான். காற்றோட்டமும் ஆக்சிஜனும் நிறைந்த அந்தக் குழியின் சுவரில் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. நோயாளியின் ஒவ்வோர் இருமலும் அதை வெளியே எடுத்துச் செல்கிறது.

இந்தக் குழியைத் தோண்டுவது யார் என்பதுதான் கேள்வி. காசநோய்க் கிருமியிடம் நுரையீரலின் நார்த்திசுவை அறுக்கும் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. கொலாஜன் என்ற நாரைச் சிதைக்கும் நொதிகள் நம் சொந்த அணுக்கள் சுரப்பவை. அழற்சி கட்டுமீறும்போது அவை அளவில்லாமல் கொட்டுகின்றன. இதற்கு நோயாளிகளிடமே நேரடிச் சான்று கிடைக்கிறது. ஹெச்ஐவி முற்றி டி அணுக்கள் மிகக் குறைந்துபோனவர்களுக்குக் காசநோய் வந்தால், எக்ஸ்ரேயில் குழிகள் அரிதாகவே தெரிகின்றன. சளிப் பரிசோதனையிலும் கிருமி பல நேரம் அகப்படுவதில்லை. அவர்களின் உடலெங்கும் கிருமி பரவி உயிரைப் பறிக்கிறது. ஆனால் அவர்கள் இருமலில் வெளியேறும் கிருமி குறைவு. நல்ல தடுப்பாற்றலோடு நடமாடும் ஒருவருக்கு நோய் வந்தால்தான் குழி விழுகிறது, அவர்தான் பலருக்குப் பரப்புகிறார். நம் எதிர்ப்பே கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிறது என்ற கசப்பான முடிவுக்கு இது கொண்டுவிடுகிறது.

அழற்சி உயிரைக் குடிக்கும் என்பதை மருத்துவ உலகம் முதலில் கற்றது 1890இல். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த ராபர்ட் காக், எட்டு ஆண்டுகள் கழித்து, அதே கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாறு நோயைக் குணப்படுத்தும் என்றார். ஐரோப்பாவெங்கும் நோயாளிகள் திரண்டார்கள். ஊசி போட்டதும் கடும் காய்ச்சல் வந்தது, நுரையீரலில் இருந்த புண்கள் கொதித்தெழுந்தன, சிலர் இறந்தார்கள். அந்தச் சாற்றில் உயிருள்ள கிருமியே இல்லை. அவர்களைத் தாக்கியது, கிருமியின் புரதத்தை அடையாளம் கண்டு பாய்ந்த அவர்களின் சொந்தத் தடுப்பாற்றல். டியூபர்குலின் மருந்தாகத் தோற்றது. முன்னங்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கும் மான்டூ பரிசோதனையாக இன்றும் வாழ்கிறது.

நூறாண்டுகளுக்குப் பின் அதே பாடம் இரண்டு வடிவங்களில் திரும்பி வந்தது. ஹெச்ஐவி, காசநோய் இரண்டும் உள்ளவர்கள் ஹெச்ஐவிக்கான கூட்டுமருந்தைத் தொடங்கிய சில வாரங்களில், டி அணுக்கள் மீளத் தொடங்கும்போது, சிலருக்கு நோய் தணிவதற்குப் பதில் சீறுகிறது. நிணநீர்க் கணுக்கள் வீங்கும், காய்ச்சல் திரும்பும், மூளையில் அழற்சி என்றால் உயிரும் போகலாம். இரண்டாவது, புற்றுநோய்ச் சிகிச்சையில். டி அணுக்களின் மேலிருக்கும் பிடி-1 என்ற தடையை நீக்கி அவற்றைப் புற்றின் மேல் ஏவும் நவீன மருந்துகளைப் பெற்ற சிலருக்கு, உறங்கிக் கிடந்த காசநோய் எழுந்தது. அந்தத் தடையே இல்லாமல் பிறக்கும்படி வளர்த்த சுண்டெலிகள் காசநோய்க் கிருமியால் விரைவில் செத்தன. அவற்றின் சிடி4 வகை டி அணுக்களை நீக்கியபோது அந்த முன்கூட்டிய சாவு தடுக்கப்பட்டது. எதிர்ப்பின் கடிவாளத்தை அவிழ்த்தால் நோய் அடங்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே முற்றிலும் பொய்த்தது.

இன்னும் வியப்பான சான்று கிருமியின் மரபணுவிலேயே இருக்கிறது. மலேரியா, ஃப்ளூ போன்றவற்றின் கிருமிகள் நம் தடுப்பாற்றல் அடையாளம் காணும் பகுதிகளை அடிக்கடி மாற்றிக்கொண்டு தப்புகின்றன. காசநோய்க் கிருமியும் அப்படித்தான் செய்யும் என்று எல்லோரும் எண்ணினார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 21 கிருமி வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு நேர்மாறானதைக் கண்டது. நம் டி அணுக்கள் அடையாளம் காணும் துணுக்குகளில் பெரும்பாலானவை, கிருமியின் வேறெந்தப் பகுதியையும்விட மாறாமல் அப்படியே காக்கப்பட்டிருந்தன. கண்டுபிடிக்கப்படுவதால் இந்தக் கிருமிக்கு நட்டமில்லை, ஆதாயம் உண்டு என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். நம் டி அணுக்கள் வராவிட்டால் குழி இல்லை; குழி இல்லாவிட்டால் அடுத்த மனிதருக்குப் போகும் வழி அதற்கு ஏறக்குறைய இல்லை.

தடுப்பூசிகள் சொன்ன சேதி

இந்த வாதத்தின் உண்மையைச் சோதிக்கத் தடுப்பூசி ஆய்வுகளைவிடச் சிறந்த இடம் இல்லை. உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு நடந்தது நம் மண்ணில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில். 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிசிஜியோ மருந்தில்லா ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் வீடு வீடாகப் பின்தொடர்ந்தார்கள். ஊசி போட்ட சில மாதங்களில், பிசிஜி பெற்றவர்களின் கையில் டியூபர்குலின் தடிப்பு நன்றாக எழுந்தது; அதாவது உடல் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டது. ஆனாலும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பதே 1999இல் வந்த இறுதி முடிவு. மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகள் முன்பே பழகியிருந்ததால் ஊசியின் பலன் மறைந்தது என்பது இதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் பிசிஜி தடுக்கிறது. ஆகவே பிறந்ததும் அதைப் போடுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உடல் நினைவில் வைத்திருப்பது வேறு, உடலைக் காப்பது வேறு.

தென்னாப்பிரிக்காவில் 2,797 கைக்குழந்தைகளிடம் எம்விஏ85ஏ என்ற புதுத் தடுப்பூசியைச் சோதித்து 2013இல் வந்த முடிவும் இதே திசையைக் காட்டியது. இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் டி அணுக்களைக் கூட்டுவதற்கென்றே அந்த ஊசி வடிவமைக்கப்பட்டது. அவை கூடவும் செய்தன, ஆனால் நோய் குறையவில்லை. இங்கே ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம்: ‘எம்72 என்ற தடுப்பூசி தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியாவில் 3,500க்கும் மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டு, மூன்றாண்டுகளில் நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததே, எதிர்ப்பைத் தூண்டுவது பலன் தரும் என்பதற்கு அது சான்றில்லையா?’ சான்றுதான். 2024இல் அதன் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியிருப்பது நம்பிக்கை தரும் செய்தியும்கூட. ஆனால் அந்த வெற்றி ‘கூட்டு’ என்ற அறிவுரைக்குக் கிடைத்த வெற்றி அன்று. எம்விஏ85ஏயும் தூண்டியது, எம்72வும் தூண்டியது. ஒன்று தோற்றது, மற்றொன்று பலன் தந்தது. எந்தப் புரதத்தை எந்தத் துணைமருந்தோடு, யாருக்கு, எந்த வயதில் காட்டினால் உடல் சரியான விதத்தில் பதிலளிக்கும் என்பதே இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு.

ஒரே உடலில் வேறு வேறு முடிவுகள்

‘ஒருவருடைய எதிர்ப்பு சக்தி’ என்று ஒற்றை அளவாகப் பேசுவதே தவறு என்பதைக் குரங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் ஃபிளின் குழுவினர், மகாக் குரங்குகளின் நுரையீரல் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து 2014இல் எழுதினார்கள். ஒவ்வொரு முடிச்சும் பெரும்பாலும் ஒற்றைக் கிருமியிலிருந்தே தொடங்கியது. ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில் ஒரு முடிச்சில் கிருமி முழுதாக அழிந்திருந்தது. சில அங்குலம் தள்ளி இன்னொன்றில் பெருகிக்கொண்டிருந்தது. நோய் முற்றிய குரங்குகளிலும் கிருமியற்றுத் தூய்மையான முடிச்சுகள் இருந்தன. ஒரே குரங்கின் முடிச்சுகளுக்கு இரத்தம் ஒன்று, மரபணு ஒன்று, உணவு ஒன்று. வேறுபட்டது, அந்த அந்த முடிச்சுக்குள் தூண்டலும் தணித்தலும் கலந்திருந்த விகிதம். கேம்பிரிட்ஜில் பணிபுரியும் விஞ்ஞானி லலிதா ராமகிருஷ்ணன், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் இந்த விகிதத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். டிஎன்எஃப் குறைந்தாலும் விழுங்கணு வெடித்துச் சாகிறது, மிகுந்தாலும் வெடித்துச் சாகிறது. இரண்டு வழியிலும் கிருமி வெளியே வந்து செழிக்கிறது என்று அவர் குழு காட்டியது. குறைவும் மிகுதியும் ஒரே இடத்தில் கொண்டுவிடும்போது, ‘கூட்டு’ என்ற ஒற்றை அறிவுரைக்கு எப்படி இடமிருக்கும்?

இந்த விகிதம் தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கிய விஷயம். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. ‘சர்க்கரையால் எதிர்ப்பு சக்தி குறைகிறது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் சிக்கலான படத்தைத் தருகின்றன. காசநோயோடு இரண்டாம் வகைச் சர்க்கரையும் சேர்ந்தவர்களின் இரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் குறைவாக இல்லை. சர்க்கரை இல்லாத காசநோயாளிகளைவிட அதிகமாகவே இருந்தன. சர்க்கரை கூடிய சுண்டெலிகளில் டி அணுக்களின் விழிப்பு இன்னும் தாமதமாவதும் ஆய்வில் தெரிந்தது. தொடக்கத்தில் தாமதம், பிறகு கட்டுமீறல்: இரண்டு தவறும் ஒரே உடலில். இவருக்குத் தேவை எதிர்ப்பைக் கூட்டும் லேகியமல்ல, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் சிகிச்சை.

சோற்றில் இருக்கிறது விடை

‘அப்படியானால் சத்துணவு எதற்கு? அதுவும் எதிர்ப்பைக் கூட்டுவதுதானே?’ என்ற கேள்வி எழும். ஊட்டக்குறைவு, இந்தியாவில் காசநோயைத் தூண்டும் காரணங்களில் முதல் வரிசையில் நிற்பது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ ஓர் அலகு கூடினால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். பட்டினி கிடக்கும் உடல் டி அணுக்களைப் பெருக்கவும் முடியாது, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் செய்யவும் முடியாது, சிதைந்த திசுவைக் கட்டவும் முடியாது. உணவு இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மீட்கிறது. ஒன்றை மட்டும் தூண்டும் மாத்திரைக்கும் உணவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மங்கோலியாவின் உலான்பாத்தரில் 8,851 பள்ளிக் குழந்தைகளிடம் மூன்றாண்டுகள் நடந்த ஆய்வு இதற்குச் சாட்சி. அவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைவு. பாதிப் பேருக்கு வாரந்தோறும் அதைக் கொடுத்து இரத்தத்தில் அளவை உயர்த்தினார்கள். காசநோய்த் தொற்று துளியும் குறையவில்லை என்று 2020இல் முடிவு வந்தது.

அதன் பக்கத்தில் ஜார்க்கண்டில் நடந்ததை வைத்துப் பாருங்கள். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சென்னை நிறுவனத்தின் பங்களிப்போடு 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் 2,800 நோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் சேர்ந்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பை கிடைத்தது. குடும்பத்தினரில் ஒரு பிரிவுக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் தரப்பட்டன. அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைந்தார்கள். பிறருக்குப் பரப்பக்கூடிய வகை நோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் செய்த இந்த வேலையை எந்த விலையுயர்ந்த ‘இம்யூனிட்டி’ டப்பாவும் செய்ததாகச் சான்றில்லை.

மறுப்புகளுக்குப் பதில்

இந்த இடத்தில் மிக வலுவான மறுப்பு சென்னையிலிருந்தே வரும். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவு சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றது. மற்றொன்று நெரிசலான வீடுகளில், எளிய உணவோடு, அதே ஐசோனியாசிட் - பிஏஎஸ் மருந்துகளை ஓராண்டு உட்கொண்டது. குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை என்று 1959இல் அறிவித்தார்கள். உலகின் சானடோரியங்களை மூட வைத்த ஆய்வு அது. ‘உணவு முக்கியமில்லை, மருந்தே போதும் என்றுதானே அது காட்டியது?’ என்பார்கள். அந்த ஆய்வு, நோய் வந்தவரிடமிருந்து கிருமியை மருந்து அகற்றுமா என்று கேட்டது. ஆம் என்று விடை கண்டது. யாருக்கு நோய் வரும், யார் முதல் சில வாரங்களிலேயே இறப்பார் என்று அது கேட்கவே இல்லை. இன்று தமிழ்நாடு அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் உறுதியானதும் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்த ஆக்சிஜன், தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பவற்றை அங்கேயே பார்த்து, மிக மெலிந்தவர்களையும் தளர்ந்தவர்களையும் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும் முன் உடல் தோற்றுவிடக் கூடாது என்ற புரிதலே இதன் அடிப்படை.

‘எதிர்ப்பு கெடுதல் என்றால் அதை அடக்கிவிடலாமே?’ என்பது இன்னொரு கேள்வி. சில இடங்களில் அடக்கத்தான் செய்கிறார்கள். மூளைக் காசநோயில் மருந்துகளோடு டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டைச் சேர்த்தபோது இறப்பு குறைந்ததை வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. ஆனால் அதே ஸ்டீராய்டை வேறு நோய்களுக்கு நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து கூடுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்து கூடவே இருக்கும்போது, மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட உறுப்புக்காக அழற்சியைத் தணிப்பது சிகிச்சை. தானாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. ‘மருந்து ஆறு மாதத்தில் குணப்படுத்திவிடுமே, தடுப்பாற்றலைப் பற்றி இவ்வளவு ஏன் பேச வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கும் பதிலுண்டு. மருந்து கிருமியை அழிக்கும். அழற்சி அரித்த நுரையீரலை மீட்டுத் தராது. குணமானவர் என்று பதிவான பலர் மாடி ஏற முடியாத மூச்சிரைப்போடு மிச்ச வாழ்க்கையைக் கழிக்கிறார்கள். குழி விழுவதற்கு முன் நோயைப் பிடிப்பது ஒன்றே அவர்களைக் காக்கும் வழி.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தந்த நிக்‌ஷய் போஷண் திட்டம், 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது, வரவேற்போம். ஆனால் ஜார்க்கண்ட் காட்டிய பெரும்பலன் குடும்பத்தினருக்கும் உணவு கொடுத்ததில் கிடைத்தது. அவர்களுக்கான உணவுப் பை கொடையாளர்களின் மனதைப் பொறுத்ததாக இல்லாமல், ரேஷன் கடை வழியே சேரும் உரிமையாக வேண்டும். நோயாளியோடு வாழும் ஒவ்வொருவருக்கும் பரிசோதனையும், தேவைப்பட்டால் தடுப்பு மருந்தும் தவறாமல் கிடைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இருமல் வந்தால் காசநோய்ப் பரிசோதனையும், காசநோயாளிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் ‘எதிர்ப்பு சக்தி’ டப்பாவைத் தேடாதீர்கள்; அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். விவரம் கேட்க 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. தொடங்கிய மருந்தை உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். டப்பாவுக்கு வைத்திருந்த பணத்தில் பருப்பும் முட்டையும் வாங்கி, வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுங்கள்.